வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்: உடம்பு முடியாதவர் வீட்டுத் துப்புரவுக்கு ஆள் வரும்போது

வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் கிடைத்துவிட்டது, வாரத்தில் ஒரு நாள் வருவார், இரண்டு மூன்று மணி நேரம் இருப்பார் என்று ஆனதும் நம் மனசு முதலில் போவது கூடத்துக்குத்தான். சன்னல், டி.வி. மேசை, சாமி மேடை, வாசல் என்று வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடங்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் இரண்டு மாதம் கூடம் பளபளவென்று இருந்தது, குளியலறைத் தரையில் பாசி பிடித்திருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் அங்கே வழுக்கி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தேன். அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன்: அடுத்த ஆறு நாளும் நான் விழாமல், கிருமி தொற்றாமல், எதற்கெடுத்தாலும் பக்கத்து வீட்டைக் கூப்பிடாமல் நடமாடத்தான் இந்த இரண்டரை மணி நேரம். அப்படிப் பார்த்தால் எது முதல், எது கடைசி என்பது தானாகவே வரிசைக்கு வந்துவிடுகிறது.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில். இரண்டு அறை, ஒரு குளியலறை, சின்னக் குசினி. ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து இடது கையும் இடது காலும் பாதிதான் வேலை செய்கின்றன. வீட்டுக்குள் நான்கு கால் ஊன்றுகோலோடு நடப்பேன், வெளியே போனால் சக்கர நாற்காலி. மகன் கோலாலம்பூரில் வேலை செய்கிறான். பின்வரிசையில் இருக்கும் ஒரு தங்கச்சிதான் வாரம் ஒரு தடவை வந்து சுத்தம் செய்துவிட்டுப் போகிறார். முதல் தடவையாக ஆள் வைக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பிள்ளைகளும் படியுங்கள், ஆனால் பட்டியலை எழுத வேண்டியது அந்த வீட்டில் நடமாடுகிறவர்.

ஆள் தேடும் முன்னே ஒரு வாரம் குறித்து வையுங்கள்

ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். காலையிலிருந்து இரவு வரை எங்கெல்லாம் போனீர்கள், எதைப் பிடித்தீர்கள், எங்கே கால் தயங்கியது, எதைச் செய்தபின் அரை மணி நேரம் படுக்க வேண்டியிருந்தது. இதை மட்டும் எழுதுங்கள். அழுக்கைப் பற்றி எழுத வேண்டாம், அது பிறகு.

என் நோட்டில் வந்தது இதுதான். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினொரு எட்டு, இரவில் இரண்டு தடவை. குசினியில் சிங்க், அடுப்பு, ஐஸ்பெட்டி. கூடத்தில் சன்னலோர நாற்காலி. வெள்ளிக்கிழமை சாமி மேடை. அவ்வளவே. இரண்டாவது அறைக்கு அந்த வாரம் முழுக்க நான் போகவே இல்லை, ஆனால் அதுவரை ஒவ்வொரு வாரமும் அந்த அறையைக் கூட்டித் துடைக்க இருபது நிமிடம் போயிருக்கிறது.

இன்னொன்றும் அதில் தெரிந்தது. நம் வீடுகளில் செருப்பில்லாமல்தான் நடக்கிறோம். என் இடது பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஒரு தடவை மருந்துப் பொட்டலத்தில் அடித்திருந்த ஸ்டேப்பிள் ஊசி கட்டிலோரம் விழுந்து, பாதத்தில் ஏறி, இரண்டு நாள் அப்படியே இருந்திருக்கிறது. காலுறையில் ஒரு புள்ளி இரத்தம் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களுக்கு இந்தச் சின்னப் புள்ளியே பெரிய புண்ணாகி, காலையே எடுக்கும் வரை போகலாம். அதனால் என் பட்டியலில் கூடம் கூட்டுவதற்கு முன்னால் இருப்பது, கட்டிலுக்கு இடது பக்கம் இரண்டு முழம் தரை.

எல்லா வேலையையும் மூன்றாகப் பிரியுங்கள்

ஒன்று, நீங்களே செய்யக்கூடியது. இரண்டு, ஆள்தான் செய்யவேண்டியது. மூன்று, செய்யாமல் விட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாதது. மூன்றாவதை எழுதத்தான் மனசு வராது, ஆனால் அதுதான் நேரத்தைக் காப்பாற்றுகிறது. என் பட்டியலில் அலமாரி மேல் தூசி, டி.வி. மேசையின் பின்பக்கம், வாசல் கேட், இஸ்திரி எல்லாம் அங்கே போய்விட்டன.

முதல் பிரிவை எழுதும்போது உண்மையாக எழுதுங்கள். ஒரு வேலையைச் செய்ய முடிகிறது என்பது வேறு, செய்த பிறகு சமைத்துச் சாப்பிடத் தெம்பு மிச்சமிருக்கிறது என்பது வேறு. பாத்திரம் கழுவ எனக்கு முடியும், சிங்க் முன்னால் உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கழுவுகிறேன். துணி மடிப்பேன், ஒரு கையால்தான், மெதுவாக, பாட்டுக் கேட்டுக்கொண்டு. தரை துடைக்க ஒரு தடவை முயன்று பார்த்தேன், அன்றைக்கு இரவுச் சாப்பாடு பிஸ்கட்தான். அரசாங்க மருத்துவமனையில் தொழில்வழிச் சிகிச்சையாளரைப் பார்க்கிறவர்கள் இந்தப் பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எதை உட்கார்ந்து செய்யலாம், எந்தப் பொருளை எந்த உயரத்தில் வைக்கலாம் என்று அவர்கள் சொல்வது நல்ல யோசனையாக இருக்கும்.

அப்புறம், ஆள் வருகிறார் என்று முதல் நாளே நீங்கள் ஓடி ஓடி ஒழுங்குபடுத்தாதீர்கள். நிறையப் பேர் இதைச் செய்கிறோம், வெட்கம்தான் காரணம். சேர்த்துவைத்த தெம்பு அதிலேயே போய்விடும்.

எந்த நாள், எத்தனை மணிக்கு

எனக்கு வியாழன் காலை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீடு என்பதால் வியாழன் சுத்தம் செய்வது பழக்கமாகவே இருக்கிறது, அது ஒரு காரணம். இன்னொரு காரணம் எண்ணெய். விளக்கிலிருந்து சொட்டும் நல்லெண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் டைல்ஸில் ஒரு படலமாகப் பரவிவிடுகிறது, விபூதித் தூளும் சேர்ந்தால் மாவு மாதிரி ஒட்டும். என் ஊன்றுகோலின் கால் நுனிகளில் மாட்டியிருக்கும் நான்கு ரப்பர் குப்பிகளும் அதில்தான் ஊன்றுகின்றன. ஒரு நாள் கோலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தோம். ரப்பரின் அடியில் இருக்கும் வட்ட வரிகள் எண்ணெயும் தூசியும் அடைத்து வழவழவென்று ஆகியிருந்தன, ஒரு குப்பியில் வரியே தேய்ந்து போயிருந்தது. அன்றிலிருந்து தங்கச்சி வந்ததும் செய்யும் முதல் வேலை, பழைய பல்துலக்கியும் சவுக்காரத் தண்ணீரும் வைத்து அந்த நான்கையும் தேய்த்துத் துடைப்பது. இரண்டு நிமிடம்கூட ஆகாது. வரி தேய்ந்ததை மாற்றிவிட்டோம். விளக்குக்கு அடியில் இப்போது ஒரு தட்டு வைத்திருக்கிறேன்.

காலை நேரம் வைத்ததற்குக் காரணம் மழை. எங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் இறங்கிவிட்டால் துணியும் காயாது, தரையும் காயாது. நகராண்மைக் கழக லோரி குப்பை எடுக்க எந்த நாள் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய நாள் ஆள் வந்தால் குப்பை மூட்டையை வெளியே வைக்க உங்களுக்கு வேறு யாரும் வேண்டாம்.

நிமிடக் கணக்கு

எட்டரைக்கு வருவார், பதினொன்றுக்குப் போவார். எல்லாருக்கும் இதே கணக்கு ஒத்துவராது, ஆனால் எப்படிப் போட்டேன் என்று சொல்கிறேன்.

முதல் பத்து நிமிடம் தேத்தண்ணீரும் பேச்சும். அந்த வாரம் எங்கே வழுக்கியது, எது கீழே விழுந்து என்னால் எடுக்க முடியவில்லை என்று சொல்வேன். பேசிக்கொண்டே ரப்பர் குப்பிகளைத் தேய்த்து, கட்டில் விரிப்பையும் தலையணை உறைகளையும் உருவி மெஷினில் போட்டு ஓடவிட்டுவிடுவார். மெஷினை முதலில் தட்டிவிடுவது ரொம்ப முக்கியம், அது தன்பாட்டுக்கு ஓடும், நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து முப்பத்தைந்து நிமிடம் குளியலறை. தரை, கமோட், பிடிகம்பி, உட்கார்ந்து குளிக்கும் நாற்காலியின் கால்கள், அப்புறம் தண்ணீர்த் தொட்டி. தொட்டியில் ஏன் நேரம் செலவழிக்கிறோம் என்றால் ஏடிஸ் கொசு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டவைக்கிறது. தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை சுவரிலேயே இருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள்வரை ஆகும் என்பதால் வாரம் ஒரு முறை சுவரைத் தேய்த்தால் சுற்று அறுந்துவிடுகிறது. பூச்சட்டித் தட்டு, ஐஸ்பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டு இரண்டையும் அதே கையோடு பார்த்துவிடுவார். புழு இருந்தால் சுகாதார இலாகா 500 வெள்ளி (ரிங்கிட்) வரை கம்பவுண்டு அபராதம் போடலாம், அதைவிட டெங்கிக் காய்ச்சலோடு தனியாகப் படுத்திருப்பதுதான் பயம்.

குசினிக்கு நாற்பது நிமிடம். அடுப்பைச் சுற்றித் தாளித்த எண்ணெய், சிங்க், தரை, குப்பை. கேஸ் தோம்பு தீரப் போகிறதா என்று அசைத்துப் பார்க்கச் சொல்வேன். வாரத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பை மூட்டையிலிருந்து சின்ன டப்பாவில் கொட்டி இடுப்பு உயரத் தட்டில் வைப்பதும் இதில் சேர்த்தி. இது துப்புரவு வேலையா என்று கேட்கலாம். அந்த ஐந்து நிமிடம்தான் என்னை ஆறு நாளும் சமைக்க வைக்கிறது.

பதினைந்து நிமிடம் துணி காயப்போடவும் புதிய விரிப்புப் போடவும். முப்பத்தைந்து நிமிடம் கூட்டித் துடைக்க. துடைக்கும்போது நான் அறையில் காற்றாடியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். குசினியும் கூடமும் முடிந்து, “காய்ந்துவிட்டது அக்கா” என்று குரல் வந்த பிறகுதான் எழுந்திருப்பேன். நான் கூடத்துக்கு வந்ததும் அறையைத் துடைப்பார். ஒரே மூச்சில் வீடு முழுக்க ஈரமாக்கினால் எனக்கு நிற்க இடமில்லை. தரை துடைக்கும் மருந்தை நிறைய ஊற்றினால் வாசனையாக இருக்கும், ஆனால் தரையில் பிசுபிசுப்பு நிற்கும், ஆகவே கடைசியில் வெறும் தண்ணீரில் ஒரு துடைப்பு.

மிச்சம் பதினைந்து நிமிடம் சுற்று வேலை. முதல் வாரம் ஐஸ்பெட்டி, இரண்டாவது வாரம் காற்றாடி இறக்கை, மூன்றாவது வாரம் சிங்க் அடியில் கரப்பான் பார்ப்பது, நான்காவது வாரம் அந்த இரண்டாவது அறை. எல்லாம் சேர்ந்து நூற்றைம்பது நிமிடம்.

குளோராக்ஸ் பற்றி ஒரு வார்த்தை

குளோராக்ஸ் என்ற வெளுப்பு மருந்தையும் கமோட் கழுவும் அமில மருந்தையும் ஒரே நேரத்தில் ஊற்றக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நம் குளியலறை சன்னல் கையகலம்தான், மூச்சை அடைக்கும். குளோராக்ஸை வினிகரோடும், அம்மோனியா கலந்த கண்ணாடி மருந்தோடும் சேர்க்கக்கூடாது. ஆள் நல்ல மனசோடுதான் “இரண்டும் போட்டால் நல்லாப் போகும்” என்று ஊற்றுவார். ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நான் ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

ஆளைப் பிடிப்பதும் காசு பேசுவதும்

எங்கள் மாதிரி ஊரில் ஏஜென்சியைவிடக் கோயிலிலும் மளிகைக் கடையிலும் சொல்லிவைத்தால்தான் ஆள் கிடைக்கும். சொந்தக்காரர் ஒருவர் “நானே வந்து செய்துதரேன், காசெல்லாம் வேண்டாம்” என்றால் யோசியுங்கள். காசு வாங்காதவரிடம் “அந்த மூலையை இன்னொரு தடவை தேய்ங்க” என்று சொல்ல வாய் வராது. கொஞ்சமாவது கொடுத்து நேரத்தையும் நாளையும் பேசிவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

நான் மணிக்கு 15 வெள்ளி பேசி, இரண்டரை மணி நேரத்துக்கு வரும் 37.50-ஐ 40 வெள்ளியாக முழுசாக்கிக் கொடுக்கிறேன். மாதம் 160, ஐந்து வியாழன் வரும் மாதம் 200. இந்த ஐந்தாவது வியாழனை மறந்துவிட்டு மாதக் கடைசியில் கையைப் பிசைய வேண்டாம், காலண்டரில் இப்போதே வட்டம் போடுங்கள். 2025 ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்குப் பார்த்தால் 8 ரிங்கிட் 72 காசு. வீட்டு வேலை செய்கிறவர்கள் அந்த ஆணைக்குள் வரவில்லை. அதைச் சாக்காக வைத்து அதற்கும் கீழே பேசாதீர்கள். குனிந்து கமோட் தேய்க்கிற வேலை, ஒரு வாரம் நாமே செய்ய முடியாமல் தவித்திருக்கிறோம்.

வேறு வீட்டில் வேலைக்கு இருக்கும் வெளிநாட்டுப் பெண்ணை இரண்டு மணி நேரம் அனுப்பிவைக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் பெர்மிட் அந்த வீட்டுக்குத்தான். முறையான பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் குடிநுழைவுச் சட்டப்படி 10,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ரிங்கிட் வரை அபராதம், சிறையும் உண்டு. நம் ஊர் ஆளாக இருந்தால் அவருக்குச் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுச் சேவை வேலை செய்கிறவர்களும் பதிந்துகொள்ளலாம். ஈரத் தரையில் அவரும்தான் நடக்கிறார்.

ஆள் வைக்க வசதியே இல்லாதவர்கள் சமூக நல இலாகாவைக் கேளுங்கள், எங்களுக்குக் குவாலா கங்சார் மாவட்ட அலுவலகம். தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் ஒ.கே.யு. எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தொண்டூழியர்கள் வீட்டுக்கு வரும் உதவித் திட்டம் ஒன்று அவர்களிடம் இருக்கிறது. ஒ.கே.யு. அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் அதை முதலில் எடுங்கள், பாரத்தில் மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும். நேரில் போக முடியாதவர்கள் தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999-க்கு அழைக்கலாம். ஆனால் தொண்டூழியர் வந்தால் அவரை வாராவாரம் குளியலறை தேய்க்கிற ஆளாகக் கணக்கில் வைக்காதீர்கள். கூடமாட இருக்க, மருத்துவமனைக்குத் துணை வர, சின்னச் சின்ன உதவிக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்

முதல் நாள் வேலை கொஞ்சம், சுற்றிக் காட்டுவது அதிகம். பட்டியலை வந்தவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் எழுதுங்கள். தமிழ்ப் பள்ளியில் படிக்காதவர் என்றால் மலாயில் எழுதுங்கள், எழுத்தே வேண்டாம் என்றால் படம். எங்கள் வீட்டில் நாற்காலி, ஸ்டூல், கட்டிலோர மேசை மூன்றின் கால்களும் நிற்கும் இடத்தில் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம். துடைத்துவிட்டு நாற்காலியை அரை முழம் தள்ளி வைத்தால், இரவில் நான் கையை ஊன்றும் இடத்தில் காற்றுதான் இருக்கும். தட்டுகளையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறோம், எடுத்ததை அதே இடத்தில் வைக்க.

என்னைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, மருந்து எடுத்துத் தருவது அவர் வேலையில் சேராது என்பதையும் அன்றே சொல்லிவிட்டேன். தெரியாமல் தூக்கினால் அவர் முதுகும் போகும், என் தோளும் போகும். அந்த உதவி வேண்டியவர்கள் அதற்குத் தனியாக ஆள், தனியாகப் பேச்சு.

எல்லா உடம்பும் ஒன்றில்லை. கண் தெரியாதவர் வீட்டில் தூசியைவிட முக்கியம் எதையும் நகர்த்தாமல் இருப்பது, கதவை முழுக்கத் திறப்பது அல்லது முழுக்க மூடுவது, பாதியில் விட்ட கதவு நெற்றியில் அடிக்கும். சக்கர நாற்காலிக்காரர் முன்சக்கரத்தில் சுற்றிய முடியை வாராவாரம் எடுக்கச் சொல்லுங்கள். ஆஸ்துமா இருந்தால் ஸ்ப்ரேயும் வேண்டாம், விளக்குமாறும் வேண்டாம், ஈரத்துணிதான். படுக்கையிலேயே இருக்கிறவருக்குக் கூடம் எப்படி இருந்தாலும் சரி, விரிப்பில் சுருக்கமும் பிசுக்கும் இருக்கக்கூடாது.

ஆள் வராத வாரம்

வரும். பள்ளி விடுமுறை, பிள்ளைக்குக் காய்ச்சல், மோட்டார் பழுது. அதற்கு அரை மணி நேரப் பட்டியல் ஒன்றைக் குசினிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்: கமோட், கட்டிலிலிருந்து குளியலறை வரை உள்ள வழி, குப்பை. பக்கத்து வீட்டு அண்ணி கேட்டாலும் இந்த மூன்றைத்தான் சொல்வேன், அவரும் முகம் சுளிக்காமல் செய்துகொடுத்துவிட்டுப் போவார். ஆள் வராத வாரத்தை அடுத்த வாரத்தில் சேர்த்து ஐந்து மணி நேரம் கேட்காதீர்கள், வேலையும் அரைகுறையாகும், மனசும் கசக்கும்.

பிள்ளைகளுக்கு ஒன்று. ஒரு தடவை மகன் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அங்கிருந்தே தங்கச்சியைக் கூப்பிட்டு சன்னல் கழுவச் சொல்லிவிட்டான். அன்பால் செய்ததுதான், ஆனால் அந்த வாரம் குளியலறை நடக்கவில்லை, நான் மூன்று நாள் கட்டிலோரத்திலேயே வாளி வைத்து உடம்பு துடைத்துக்கொண்டேன். இப்போது காசு அவன் அனுப்புகிறான், வேலையை நான் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்திய பெரிய சுத்தத்துக்கு ஒரு மாதம் முன்னே தனி நாள், தனிக் காசு பேசிவிடுகிறோம், வியாழக்கிழமைக் கணக்கில் கை வைப்பதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நோட்டை எடுத்து மறுபடி ஒரு வாரம் எழுதுங்கள். உடம்பு மாறும், ஏறவும் செய்யும் இறங்கவும் செய்யும். போன தடவை எழுதியபோது இடது கையால் தலையணையைப் பிடித்துக்கொள்ள முடிகிறது என்று தெரிந்தது, தலையணை உறையை நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதில் மிஞ்சிய ஐந்து நிமிடத்தில் தங்கச்சி கட்டிலுக்கு அடியில் கூட்டுகிறார், அங்கேதான் மாத்திரைகள் உருண்டுபோய்க் கிடந்தன.